நார்த்தங்கண்டத்து மாப்பிள்ளை

காலைச் சிற்றுண்டிக்கு முன்பாகவே நள்ளி மூன்று கிரகங்களை உண்டாக்கி முடித்திருந்தான். நான்காவதற்காக ஒரு பெண்மணி கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் கடல் இருக்கிற மாதிரி பாத்துக் குடுங்க தம்பி. போன மாசம் என் தங்கச்சிக்குக் குடுத்தது வெறும் பாறை. ஆட்டத்துல போய் உக்காந்தா ஒருத்தரும் மதிக்கிறதில்லையாம்."

நள்ளி அவளை ஏற இறங்கப் பார்த்தான். அவள் தோள்பையின் கொக்கி அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"கொக்கித்துறை," என்றான். "மூணு கடல். நடுவுல ஒரு தீவு."

பக்கத்தில் இருந்த இயந்திரம் தன் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் சோழிகளைக் குலுக்கிப் போட்டது. அதற்குத் தாயம்மா என்று பெயர். பெயரிடும் அறையில் பகடை உருட்டுவதும், பதிவு செய்வதும், சந்தேகம் கேட்பவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்வதும் அதன் வேலை. "இரண்டு நிலா," என்று தாயம்மா அறிவித்தது. பெண்மணி கொக்கித்துறையை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, முகம் மலர்ந்து போனாள். வரிசையில் அடுத்த ஆள் வந்தார்.

வியாழனைச் சுற்றும் காலிஸ்டோ நிலவில், பனிப்பாறைக்கு அடியில் குடைந்து கட்டிய வெண்கூடம் குடியிருப்பில், சொந்தமாக ஒரு கிரகம் வாங்குவது என்பது ரேஷன் வாங்குவது போலத்தான். அது ஏன் அப்படி ஆயிற்று என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

வெண்கூடத்தை நிறுவிய முன்னோடிகள் நல்லவர்கள். பூமியில் மனிதர்கள் ஒருவரையொருவர் ஊர் கேட்டு, ஊரை வைத்து மற்றதையெல்லாம் கணக்குப் போட்டு, அந்தக் கணக்கின்படி நாற்காலி போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வதைப் பார்த்து நொந்துபோனவர்கள். ஆகவே ஊர்மறதிச் சட்டம் என்று ஒன்றை இயற்றினார்கள். விதைப்பெட்டகத்தில் வைத்துக் கொண்டுவந்த மனிதக் கருக்களில் எது யாருடையது என்ற விவரத்தைப் புறப்படும்போதே அழித்தார்கள். குழந்தைகள் வளர்தொட்டியில் பிறந்தன. விருப்பப்பட்டவர்கள் எடுத்து வளர்த்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒற்றைப் பெயர், முன்னெழுத்து கிடையாது. ஒவ்வொரு கூடத்திலும் ஒரு பலகை மாட்டினார்கள்: 'இங்கே யாரும் எங்கிருந்தும் வரவில்லை.'

எல்லாம் சரியாகத்தான் போனது. ஒன்றே ஒன்றுதான் கோளாறு. வெண்கூடத்தில் யாராலும் பேச முடியவில்லை.

அறிமுகமில்லாத இரண்டு பேர் சந்தித்தால் ஒருவர் வணக்கம் என்பார். மற்றவர் சாப்பிட்டாச்சா என்பார். அதற்குப் பிறகு என்ன சொல்வதென்று இருவருக்கும் தெரியாது. லிஃப்டில் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வைத்தியர்கள் இதற்கு 'மூன்றாம் வாக்கிய நோய்' என்று பெயர் வைத்தார்கள். மூன்றாவது வாக்கியம் என்னவாக இருந்திருக்க வேண்டும் என்பது எந்த வைத்தியருக்கும் தெரியவில்லை, அவர்களும் தொட்டியில் பிறந்தவர்கள்தானே. நோய் முற்றியவர்கள் அறையைவிட்டு வெளியே வருவதையே நிறுத்திக்கொண்டார்கள்.

கடைசியில் நலத்துறை ஒரு வழி கண்டுபிடித்தது. பழைய காலத்து விளையாட்டு ஒன்று. ஏழெட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டிச் சேர்ந்து ஒரு கதையை நடத்திப்போவார்கள். ஒருவர் படகோட்டி, ஒருத்தி வாள்வீராங்கனை, ஒருவர் மந்திரம் பாதி மறந்துபோன மந்திரவாதி. எல்லோரும் தொலைந்துபோன ஒரு சூரியனைத் தேடிப் போகிறார்கள் என்பது கதை. வேடத்துக்கு ஒரு பின்னணி வேண்டுமல்லவா? ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு பிறவுலகம், அதாவது அந்த வேடம் பிறந்த கற்பனைக் கிரகம் வழங்கப்பட்டது. சிலருக்குத் தனிக் கிரகம், பலருக்குப் பங்கு.

அந்தப் பெயர்களை யோசிப்பதற்காக நியமிக்கப்பட்டவன்தான் நள்ளி. வேலையில் சேர்ந்த முதல் வாரம் சிரத்தையாக யோசித்தான். பெயருக்கு ஒரு நாள் ஆயிற்று. வரிசை கூடத்தைத் தாண்டி வெளியே போனது. அதன்பிறகு ஒரு வழக்கம் பிடித்துக்கொண்டான். அந்த நேரத்தில் கண்ணில் முதலில் எது படுகிறதோ, அதோடு ஒரு குறிச்சியோ துறையோ புரமோ ஒட்டுவது. அலுவலகத்தில் வெந்நீர்க் குழாய் பழுதான அன்று பிறந்தது வெந்நீர்க்குறிச்சி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் கண்ணைச் சொக்கிய வேளையில் பிறந்தது கொட்டாவிபுரம்.

விளையாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. நோய் போன இடம் தெரியவில்லை. வணக்கம், சாப்பிட்டாச்சா, நீங்க எந்த உலகம்? மூன்றாவது வாக்கியம் கிடைத்துவிட்டது. நலத்துறை தனக்குத்தானே ஒரு விருது கொடுத்துக்கொண்டது.

மூன்றே வருடங்களில் வெந்நீர்க்குறிச்சி மக்கள் நலச் சங்கம் வந்தது. ஆண்டு விழா, சால்வை, நினைவு மலர். கொட்டாவிபுரத்தார் தங்கள் உலகத்தின் பெயர் உண்மையில் கொற்றவைபுரம் என்றும், பொறாமைக்காரர்கள் திரித்துவிட்டார்கள் என்றும் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். நள்ளி அதைப் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தான். அதுவரை அவனுக்கு இது சிரிக்கும் விஷயமாக இருந்தது.

பிறகு அவன் எழினியைப் பார்த்தான்.

எழினி பாசிப்பண்ணையில் வேலை பார்த்தாள். வெண்கூடம் மூச்சுவிடுவதற்கான காற்றில் பாதி அவள் பார்த்துக்கொள்ளும் பச்சைத் தொட்டிகளிலிருந்து வந்தது. ஆட்டத்தில் அவள் வாள்வீராங்கனை. நிஜத்திலும் பேச்சு அப்படித்தான். எட்டு மாதம் பழகிய பிறகு, 'நீ வந்து அப்பாகிட்ட பேசிடு, இல்லேன்னா நானே உன்னைத் தூக்கிட்டுப் போகணும், எனக்கு முதுகுவலி,' என்று அவள்தான் சொன்னாள்.

எழினியின் அப்பா அந்துவன், நீர்மீட்பு நிலையத்தின் மேற்பார்வையாளர். வெந்நீர்க்குறிச்சி சங்கத்தின் தலைவரும் அவரே. நள்ளி பெண் கேட்கப் போன ஓய்வுநாள் காலையில் அவர் தோளில் சங்கத்துச் சால்வை இருந்தது. சுவரில் பெரிதாக ஒரு படம்: ஆவி பறக்கும் ஊற்றுகள், இரட்டைச் சூரியன், கீழே பொன்னிற எழுத்தில் 'எம் மண்'. அவர் தேநீர் கொடுத்தார், வேலையைப் பற்றி விசாரித்தார், உடம்பைப் பற்றி விசாரித்தார். பிறகு சாய்ந்து உட்கார்ந்தார்.

"தம்பிக்குப் பூர்வீகம் எந்த உலகம்?"

பெயர் வைப்பவர்கள் ஆட்டத்தில் சேரக்கூடாது என்பது விதி, தங்களுக்கு நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள் என்று. அதனால் தனக்கு உலகம் எதுவும் கிடையாது என்பதை நள்ளி பணிவாகச் சொன்னான்.

"அது உத்தியோகம். நான் கேக்கறது பூர்வீகம்."

"ஐயா, எல்லா உலகத்துக்கும் பேர் வைக்கிறவனே நான்தான். வெந்நீர்க்குறிச்சியும் நான் வச்சதுதான். அன்னைக்கு ஆபீஸ்ல குழாய் ரிப்பேர்."

அந்துவன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "வீட்டுக்கு வந்திருக்கீங்க, அதனால பொறுத்துக்கறேன். இந்தக் குழாய்க் கதையை வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நம்ம பசங்களுக்கு மனசு புண்பட்டுச்சுன்னா என்னாலயே பிடிக்க முடியாது."

உள்ளே எழினி எதையோ கீழே போட்டு உடைத்தது கேட்டது. தொழில் கைகொடுக்கும் என்று நள்ளி நினைத்தான். அவன் சாய்ந்திருந்த திண்டின் மேல் கண் பட்டது.

"திண்டாரம்," என்றான். "என் உலகம் திண்டாரம். ஒரு சூரியன், அஞ்சு நிலா."

அந்துவன் சிரித்தார். கோபமான சிரிப்பல்ல, குழந்தை பொய் சொல்லும்போது பெரியவர்கள் சிரிப்பது. "இது நீங்க இப்ப கட்டிவிட்டது."

"எல்லாமே அப்படிக் கட்டினதுதானே ஐயா."

"எங்களது நாலு வருஷமா இருக்கு தம்பி."

அந்துவன் குரலைத் தணித்துக்கொண்டு பேசினார். பையன் தங்கமானவன் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஆனால் சங்கத்தில் அவனை என்னவென்று அறிமுகம் செய்வது? கல்யாணப் பத்திரிகையில் உலகம் போட வேண்டிய இடத்தில் கோடு போடுவதா? பெண்ணை உலகமில்லாதவனுக்குக் கொடுத்த தலைவர் என்று நாளைக்கு மேடையில் எவனாவது பேசினால்? மன்னிக்க வேண்டும் என்று எழுந்து கைகூப்பிவிட்டார்.

மறுநாள் மதியம் பாசிப்பண்ணையின் ஈர வாடையில் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சட்டப்படி இதற்கெல்லாம் அப்பாவின் சம்மதமே தேவையில்லை என்று நள்ளி ஆரம்பித்தான். ஆளுக்கு ஒரு கைரேகை, ஓர் இயந்திரச் சாட்சி, முடிந்தது.

"சட்டம் எனக்கும் தெரியும்," என்றாள் எழினி. "பன்னெண்டு தொட்டி வரிசையா இருந்துதாம். நான் மட்டும் கண்ணாடியை எட்டி உதைச்சேனாம். அதுக்காக என்னை எடுத்தாரு. தனியாளா வளர்த்தாரு. நான் கைரேகை வைக்கும்போது அவர் அந்த ரூமுக்குள்ள நிக்கணும். சிரிச்சாலும் சரி, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாலும் சரி. நிக்கணும். அதை மட்டும் நீ எனக்குச் செஞ்சு குடு."

சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்து அவன் கஞ்சியில் ஊறுகாய்த் துண்டு ஒன்றை வைத்தாள். நார்த்தங்காய் ஊறுகாய். குவிமாடத் தோட்டத்தில் இருக்கும் ஒரே நார்த்தை மரம் பாசிப்பண்ணைக்காரர்களின் பொறுப்பில் இருந்தது.

நள்ளி அதைச் சப்பிக்கொண்டே யோசித்தான். இருக்கிற உலகம் என்றால் எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்பார்கள். அதில் இருக்கிறவர்கள், உன்னைப் பார்த்ததே இல்லையே என்பார்கள். இல்லாமல் போன உலகத்தை எங்கே போய் விசாரிப்பார்கள்? புளிப்பு மூளைக்கு ஏறியது. அவன் கண் ஊறுகாய் டப்பாவின் மேல் நிலைத்தது.

அன்று மாலை அலுவலகத்தில் தாயம்மாவிடம் சொன்னான், அந்த வாரத்து ஆட்டச் சேதியில் ஒரு புதிய திருப்பம் வருகிறது என்று. ஆட்டச் சேதி என்பது எல்லா மேசைகளிலும் ஆட்டம் தொடங்கும் முன் வாசிக்கப்படும் கதைத் துணுக்கு. அதை எழுதுவதும் அவன் வேலைதான்.

"பெயர்?" என்றது தாயம்மா.

"நார்த்தங்கண்டம்."

"நிலாக்கள் எத்தனை? உருட்டட்டுமா?"

"ஒண்ணும் இல்லை. எல்லாம் போச்சு. முதன்முதல்ல தோன்றின உலகம் அதுதான். கடல் பொங்கி அதை விழுங்கிடுச்சு. அப்புறம் சூரியன் கடலை விழுங்கிடுச்சு."

"ஆதாரம் கேட்டால்?"

"அதான் சொன்னேனே, கடல் கொண்டு போயிடுச்சு."

தாயம்மா சற்று நேரம் பச்சை விளக்கை மினுக்கியது. பிறகு, இதைவிடக் குறைந்த செலவில் யாரும் ஒரு கிரகம் கட்டியதில்லை என்று பாராட்டியது.

நள்ளி அழகாகவே எழுதினான். தேடிப் போகும் கப்பல் தூசு வளையம் ஒன்றுக்குள் நுழைகிறது. பாதி உடைந்த கல்வாசல் ஒன்று மிதக்கிறது. அதில் ஆதி உலகத்தின் பெயர் பொறித்திருக்கிறது. அந்த உலகத்து வழிவந்தவன் ஒருவன் இன்று எல்லா உலகங்களுக்கும் பெயர் கொடுத்துக்கொண்டு அடக்கமாக வாழ்கிறான். இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எழுதுகிற கை நிற்காது. ஓசை நன்றாக இருக்கிறதே என்று கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்தான்: 'தப்பிப் பிழைத்தோர் எல்லா உலகங்களிலும் கலந்து, தம்மை அறியாமலேயே வாழ்ந்து வருகிறார்கள்.'

சேதி வாசிக்கப்பட்ட மறுநாள் காலை அந்துவன் நேரில் வந்தார். கையில் இனிப்புப் பெட்டி. வரிசையில் நிற்காமல் நேராகக் கவுண்டருக்கு வந்து நள்ளியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அழிஞ்சு போன உலகமா? சொல்லவே இல்லையே மாப்பிள்ளை."

நள்ளி தலையைக் குனிந்துகொண்டான். அவ்வளவு பெரிய இழப்பைப் பற்றி எப்படிச் சொல்வது என்று முனகினான்.

"திண்டாரம்னு எதையோ சொல்லி மறைக்கப் பாத்தீங்க. அப்பவே எனக்குப் பட்டுது. பழைய குடும்பத்து ஆளுங்கதான் இப்படி மறைப்பாங்க. முகத்துலயே ஒரு களை இருக்கு." அவர் வரிசையில் நின்றவர்கள் பக்கம் திரும்பினார். "நம்ம மாப்பிள்ளை. நார்த்தங்கண்டம்."

வரிசையில் நின்றவர்கள் தங்களை அறியாமல் ஓரடி பின்வாங்கி வழிவிட்டார்கள். நள்ளிக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அன்று வீட்டுக்குப் போகும்போது சற்று நிமிர்ந்து நடந்தான். லிஃப்டில் இரண்டு வெந்நீர்க்குறிச்சிக்காரர்கள் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். இந்த ஆட்களுக்கே மெல்லப் பேச வராது என்று அவனுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதை அவன் கவனிக்கவில்லை.

கல்யாணத்துக்கு நாள் பார்த்தார்கள். பத்திரிகையும் அடித்தாயிற்று. அந்த வார இறுதியில் நள்ளியின் வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

வெளியே கூட்டமாக நின்றார்கள். முன்னால் கீரன் என்பவர், பனித்துளைப் பிரிவில் பொறியாளர், கொட்டாவிபுரம் கொற்றவைபுரமே என்று நிறுவிய அதே ஆராய்ச்சியாளர். ஆட்டச் சேதியின் கடைசி வாக்கியத்தைக் கேட்டதிலிருந்து தனக்குத் தூக்கமில்லை என்றார். தம்மை அறியாமலேயே வாழ்கிறவர்களில் தானும் ஒருவன் என்பது உள்ளுணர்வாகத் தெரிந்துவிட்டதாம். உடன் வந்திருந்த அத்தனை பேருக்கும் அப்படியே தெரிந்துவிட்டதாம். நேற்றுதான் நார்த்தங்கண்டத்துத் தொல்குடிப் பேரவையைத் தொடங்கினார்கள். நள்ளிதான் புரவலர். அவன் கழுத்தில் ஒரு சால்வை விழுந்தது.

"ரொம்ப சந்தோஷம்," என்றான் நள்ளி. "எல்லாரும் கல்யாணத்துக்கு வந்துடுங்க."

யாரும் அசையவில்லை. கீரன் நள்ளியின் சால்வை மடிப்பைச் சரிசெய்தார்.

"அது விஷயமாத்தான் வந்தோம் அண்ணே. நாம இருக்கிறதே நாப்பது பேர். நம்ம ரத்தம் வெளியில போகலாமா? அதுவும் வெந்நீர்க்குறிச்சிக்கு? நல்ல மனுஷங்கதான், நான் குறை சொல்லலை. ஆனா நேத்து முளைச்ச உலகம். நாம சாமி கும்பிட்டுக்கிட்டு இருந்தப்ப அவங்க ஊத்துல தண்ணியே வரலை."

ரத்தமா என்று கேட்டான் நள்ளி. கீரனும் அவனும் அந்தக் கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் எண் மட்டும் ஒட்டிய தொட்டியில் பிறந்தவர்கள் என்பதை நினைவுபடுத்தினான். அதை இப்போது எதற்கு இழுக்கிறீர்கள் என்பதுபோல் அவர்கள் பார்த்தார்கள். இனிச் சுற்றி வளைக்க வழியில்லை. நள்ளி உள்ளே போய், எழினி கொடுத்திருந்த ஊறுகாய் டப்பாவை எடுத்துவந்து கீரன் முகத்துக்கு நேரே நீட்டினான். அன்று மதியம் சாப்பிட்டது, சப்பியது, யோசித்தது, டப்பாவைப் பார்த்தது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான்.

கீரன் டப்பாவை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். நார்த்தங்காய்த் துண்டு ஒன்றை எடுத்து, கண்களை மூடி வாயில் போட்டார். மற்றவர்கள் காத்திருந்தார்கள். அவர் கண்ணோரத்தில் நீர் தேங்கியது.

"பாத்தீங்களாப்பா," என்றார் கூட்டத்திடம். "ஒரு காய்லகூட நம்ம உலகத்துப் பேர் இன்னும் தங்கியிருக்கு. அவ்வளவு பழசு."

டப்பா கைமாறிக் கைமாறிப் போய் காலியாகத் திரும்பி வந்தது.

பேரவையின் தீர்மானம் அந்துவன் காதுக்கு எட்ட எவ்வளவு நேரம் ஆகும்? நேற்று முளைச்ச உலகம் என்ற வார்த்தையோடு எட்டியது. அவர் இனிப்புப் பெட்டியைக்கூடத் திருப்பிக் கேட்டார். அவ்வளவு உசத்தி என்றால் அவர்கள் கண்டத்துக்குள்ளேயே பெண் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லியனுப்பினார். போன வாரம் உலகமே இல்லாததால் மறுக்கப்பட்ட மாப்பிள்ளை, இந்த வாரம் உலகம் பெரிதாகிவிட்டதால் மறுக்கப்பட்டான்.

நள்ளி பாசிப்பண்ணைக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது எழினி கையுறையைக் கழற்றித் தொட்டி விளிம்பில் போட்டாள். பிறகு சொன்னாள்:

"நாளைக்குக் காலையில பதிவு. ரெண்டு சங்கத்துக்கும் சொல்லி அனுப்பு. உன் ஆளுங்க தடுக்க வர்றாங்கன்னு அப்பாகிட்ட சொல்லு. அப்பா ஆளுங்க தடுக்க வர்றாங்கன்னு உன் ஆளுங்ககிட்ட சொல்லு."

"எதுக்கு?"

"அப்பதான் அவர் கட்டாயம் வருவார்."

வந்தார். பெயரிடும் அறையின் இடது சுவரோரம் அந்துவன் தன் சங்கத்தாரோடு கைகட்டி நின்றார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. வலது சுவரோரம் கீரனும் பேரவையும். நடுவில், 'இங்கே யாரும் எங்கிருந்தும் வரவில்லை' என்ற பலகைக்கு நேர் கீழே, தாயம்மா. யாரும் யாரையும் தடுக்கவில்லை. எதிர்த் தரப்பு முதலில் தடுக்கட்டும் என்று இரண்டு பக்கமும் காத்திருந்ததில் கைரேகை வைத்து முடிந்துவிட்டது. எழினி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் சால்வையின் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குளிர் என்றார்.

"வாழ்த்துகள்," என்றது தாயம்மா. "புதிய நடைமுறைப்படி ஒரு கேள்வி பாக்கி. பிறகு எடுக்கப்போகும் குழந்தைக்கு எந்த உலகம் என்று பதிய வேண்டும்?"

"நார்த்தங்கண்டம்," என்றான் நள்ளி.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எழினி மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள்.

"ஏன், வெந்நீர்க்குறிச்சிக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல்னு சொல்லலை. அப்பாவோட உலகம்தானே வழக்கம்."

"எப்ப இருந்து வழக்கம்?"

ஒன்று குழாய், இன்னொன்று ஊறுகாய் என்பது வெண்கூடத்தில் வேறு யார் மறந்தாலும் அவர்கள் இருவரும் மறக்கக்கூடியதல்ல. ஊறுகாய் போட்டதே எழினிதான். ஆனாலும் இருவரும் கைகட்டிக்கொண்டு நின்றார்கள். வரிசையில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எந்த உலகமும் வேண்டாம் என்றும் பதியலாம்," என்றது தாயம்மா. "சட்டத்தில் இடம் இருக்கிறது. இதுவரை யாரும் கேட்டதில்லை."

"அதெப்படி?" என்று நள்ளியும் எழினியும் ஒரே நேரத்தில் அதன் பக்கம் திரும்பினார்கள். "நாளைக்கு நாலு பேர் கேட்டா பிள்ளை என்ன சொல்லும்?"

இடது சுவரோரம் அந்துவன், அதானே, என்றார். வலது சுவரோரம் கீரனும் அதையே சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு நியாயமான மனிதர் எதிர்ப் பக்கத்தில் இருப்பார் என்று இருவருமே எதிர்பார்க்கவில்லை. பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு சங்கமும் அடுத்தடுத்த மேசைகளில் உட்கார்ந்தன. எழினி வைத்திருந்த இன்னொரு டப்பா ஊறுகாயும் தீர்ந்தது.

குழந்தையின் உலகத்தை முடிவு செய்ய இரு தரப்பிலிருந்தும் ஆட்களைப் போட்டு ஒரு கூட்டுக் குழு அமைத்திருக்கிறார்கள். அந்துவனும் கீரனும் இணைத் தலைவர்கள். குழு பல முறை கூடிவிட்டது, ஒரு முறை நாற்காலிகூட உடைந்தது. வளர்தொட்டியில் இன்னும் கருவே போடவில்லை.